வழிவரும் அனுமதிகள்: விண்டோஸ் வட்டில் யூனிக்ஸ் கருவிகளைக் கையாளும் முறை

யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பின் அனுமதி அந்தக் கோப்பு பிறக்கும் கணத்திலேயே, அதை உருவாக்கும் நிரல் கேட்கும் எண்ணையும் பயனரின் யூமாஸ்க் கழிக்கும் எண்ணையும் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. விண்டோஸிலோ ஒரு கோப்பு எந்தக் கோப்புறைக்குள் வைக்கப்படுகிறதோ அந்தக் கோப்புறையின் அனுமதியே பெரும்பாலும் அதற்கும் இறங்கி வருகிறது. இவ்விரு வழக்கங்களும் தனித்தனியே இயங்கும்வரை இடையூறு எதுவும் இல்லை. சிக்வின் போன்ற கருவித்தொகுதியின் வழியாக யூனிக்ஸ் நிரல்கள் விண்டோஸ் வட்டில் எழுதத் தொடங்கும்போதுதான் சிக்கல் தலைகாட்டுகிறது: நேற்றுவரை குழுவினர் அனைவரும் திருத்திவந்த கோப்பை இன்று ஒருவர் மட்டுமே திருத்த முடிகிறது, மேல்நிலைக் கோப்புறையில் புதிய பணியாளர் ஒருவருக்கு உரிமை வழங்கினாலும், உள்ளே கிடக்கும் சில கோப்புகளுக்கு மட்டும் அது போய்ச் சேர்வதில்லை. இத்தகைய பழுதுகளைக் கோப்பு கோப்பாகத் திருத்தத் தொடங்குபவரின் உழைப்பு ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாகிவிடும். ஒவ்வொரு கோப்புறை மரத்திலும் எந்த வழக்கம் ஆட்சி செய்ய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வதே நிலையான தீர்வு. அம்முடிவுக்குத் தேவையான அடிப்படையையும் அதை நடைமுறைப்படுத்தும் வழியையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது. கட்டளைகளின் பெயர்களும் அவற்றின் தெரிவுகளும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதப்படுகின்றன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

அணுகல் பட்டியலின் அமைப்பு

1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வெளிவந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் ஓர் அணுகல் பட்டியல் உண்டு. இது சுருக்கமாக ஏசிஎல் எனப்படுகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு பயனரையோ குழுவையோ சுட்டி, அவருக்கு இன்னின்ன செயல்கள் அனுமதிக்கப்படுகின்றன அல்லது மறுக்கப்படுகின்றன என்று சொல்கிறது. யூனிக்ஸின் ஒன்பது அனுமதி பிட்டுகளில் உரிமையாளர், ஒரே ஒரு குழு, மற்றவர் என மூவருக்கு மட்டுமே இடம் இருக்க, இந்தப் பட்டியலில் எத்தனை பயனரையும் எத்தனை குழுவையும் சேர்க்கலாம்.

கோப்புறையின் பதிவுகளில் கூடுதலாகச் சில கொடிகள் இடம்பெறுகின்றன. ஓஐ என்னும் கொடி அப்பதிவு உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் இறங்க வேண்டும் என்பதையும், சிஐ என்னும் கொடி உட்கோப்புறைகளுக்கும் இறங்க வேண்டும் என்பதையும் குறிக்கின்றன. ஐஓ என்பது அப்பதிவு அந்தக் கோப்புறைக்குச் செல்லாது, உள்ளிருப்பவற்றுக்கு மட்டுமே செல்லும் என்று பொருள்படும். இவ்வாறு மேலிருந்து இறங்கிவந்த பதிவின்மேல் ஐ என்னும் ஒற்றை எழுத்து அடையாளம் பொறிக்கப்படுகிறது. இந்த அடையாளம் உள்ள பதிவை வழிவரும் அனுமதி என்றும், அது இல்லாமல் அந்தக் கோப்பிலேயே நேராக எழுதப்பட்ட பதிவை நேரடி அனுமதி என்றும் இந்நூல் வழங்குகிறது. விண்டோஸுடன் வரும் ஐசிஏசிஎல்எஸ் கட்டளையை ஒரு கோப்பின் பெயரோடு இயக்கினால், ஒவ்வொரு பதிவுக்கும் அடைப்புக்குறிக்குள் இந்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை உடனே காணலாம். அனுமதிச் சிக்கல் எதையும் ஆராயப் புகுபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓர் எழுத்தைத்தான்.

ஒரு கோப்பைத் திறக்கும்போது விண்டோஸ் ஒவ்வொரு படியாக மேலேறி மேல்நிலைக் கோப்புறைகளைக் கேட்டுவருவதாகப் பலர் எண்ணுகின்றனர், உண்மை அதுவன்று. மேல்நிலைக் கோப்புறையின் அனுமதி மாற்றப்படும் அந்த நேரத்திலேயே, அதன் நகல் கீழுள்ள ஒவ்வொரு கோப்பின் பட்டியலிலும் எழுதி வைக்கப்படுகிறது. பிறகு கோப்பைத் திறக்கும்போது அதன் சொந்தப் பட்டியல் மட்டுமே படிக்கப்படுகிறது. பெரிய கோப்புறை ஒன்றின் அனுமதியை மாற்றும்போது நெடுநேரம் காத்திருக்க நேர்வதும் இதனால்தான். விண்டோஸ் 2000 முதல் இந்தப் பரவல் தானாகவே நிகழ்கிறது. எனினும் ஒரு கோப்பின் பட்டியல் காக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டிருந்தால் பரவல் அந்தக் கோப்பின் வாசலோடு நின்றுவிடும். மேலே எத்தனை முறை திருத்தினாலும் அது உள்ளே நுழையாது. யூனிக்ஸ் கருவிகளால் விளையும் பழுதுகளில் பெரும்பகுதிக்கு இந்தக் காப்புக் குறியே காரணம்.

பதிவுகளின் வரிசையும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, கேட்கப்பட்ட உரிமைகள் முழுவதும் கிடைத்தாலோ அவற்றுள் ஒன்று மறுக்கப்பட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே நேரடி மறுப்பு, நேரடி அனுமதி, வழிவரும் மறுப்பு, வழிவரும் அனுமதி என்ற வரிசையே முறையான வரிசையாகக் கொள்ளப்படுகிறது. இந்த ஒழுங்கின்படி, கோப்பில் நேராக எழுதப்பட்ட ஒரு மறுப்பு மேலிருந்து வரும் எந்த அனுமதியையும் வென்றுவிடும்.

கண்ணி அறுபடும் இடம்

1995இல் சிக்னஸ் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட சிக்வின், யூனிக்ஸ் நிரல்களின் மூலநிரலை விண்டோஸிலேயே தொகுத்து இயக்க உதவும் இடைப்படலம் ஆகும். ஒரு யூனிக்ஸ் நிரல் 644 என்றோ 755 என்றோ அனுமதி கேட்டால் அது அப்படியே கிடைத்ததாகத் தோன்ற வேண்டும் என்பது அதன் கடமை. அதை நேர்மையாக நிறைவேற்றவே சிக்வின் அந்த எண்ணை அணுகல் பட்டியலாக மொழிபெயர்த்துக் கோப்பின்மேல் எழுதுகிறது. எழுதிய பட்டியலை மேலிருந்து வரும் பரவல் குலைத்துவிட்டால் நிரலுக்குக் கொடுத்த வாக்கு பொய்த்துவிடும் என்பதால், அதன்மேல் காப்புக் குறியையும் இட்டுவிடுகிறது. யூனிக்ஸின் பக்கம் நின்று பார்த்தால் இது முற்றிலும் சரியான செயல். ஆனால் பகிர்வுக் கோப்புறையைப் பராமரிக்கும் நிர்வாகியின் பக்கம் நின்று பார்த்தால், மேலிருந்து கீழே தொங்கிய சங்கிலியின் ஒரு கண்ணி ஓசையின்றி அறுக்கப்பட்டுவிட்டது.

கோப்பு உருவான நாளில் இது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை என்பதே இதன் வஞ்சகம். கோப்புறையில் இறங்கத்தக்க பதிவுகள் இருந்தால் சிக்வின் அவற்றையும் கணக்கில் கொண்டு புதிய பட்டியலை அமைக்கிறது. ஆகவே அன்றைய குழுவினர் அன்று கோப்பைத் திறக்க முடியும். ஆயினும் அவை இப்போது நேரடி அனுமதிகளாகிவிட்டன. ஆறு மாதம் கழித்து மேல்நிலையில் புதிய குழு ஒன்று சேர்க்கப்படும்போதோ, பணியிலிருந்து விலகிய ஒருவரின் உரிமை நீக்கப்படும்போதோதான் அந்தக் கோப்பு தனித்து நிற்பது தெரியவரும். உரிமை கிடைக்காதவர் முறையிடுவார். உரிமை நீங்காதவர் முறையிட மாட்டார் என்பதால் இரண்டாவது வகைப் பழுதே கூடுதல் ஆபத்து உடையது.

டி வட்டில் திட்டம் என்ற கோப்புறை இருப்பதாகவும், வரைவாளர் என்ற குழுவுக்கு அதில் திருத்தும் உரிமை இறங்கத்தக்க பதிவாக வழங்கப்பட்டிருப்பதாகவும் கொள்வோம். அதில் விண்டோஸின் நோட்பேட் வழியே உருவாக்கிய கோப்பை ஐசிஏசிஎல்எஸ் காட்டும்போது வரைவாளர் என்ற பெயரின் எதிரே (ஐ)(எம்) என்றிருக்கும். ஐ என்பது வழிவந்தது, எம் என்பது திருத்தும் உரிமை. அதே கோப்பில் சிக்வினின் சிஎச்மாட் கட்டளையால் 644 என்று இட்டபின் மீண்டும் பார்த்தால், எல்லா வரிகளிலிருந்தும் (ஐ) மறைந்திருக்கும். நல் எஸ்ஐடி என்ற பெயரில் மறுப்புப் பதிவு ஒன்றும் தோன்றியிருக்கும். எஸ்ஐடி என்பது பயனரையும் குழுவையும் விண்டோஸ் அடையாளம் காணும் எண். எஸ்-1-0-0 என்னும் நல் எஸ்ஐடிக்கு உறுப்பினர் எவரும் இல்லை என்பதால் இந்த மறுப்பு யாரையும் தடுப்பதில்லை. 2015இல் வெளிவந்த சிக்வின் 2.0 பதிப்பு முதல், யூனிக்ஸ் முறையின் முகமூடியையும் சிறப்புப் பிட்டுகளையும் குறித்துவைப்பதற்கான இடமாக இந்தப் பதிவு பயன்படுகிறது. முகமூடி என்பது பெயர் குறிப்பிட்ட பயனர்களும் குழுக்களும் அதிகபட்சம் பெறக்கூடிய உரிமையின் எல்லை; 644இன் நடு எண்ணாகிய 4 படிக்கும் உரிமையை மட்டும் குறிப்பதால், முகமூடியும் படிக்கும் அளவுக்குச் சுருங்கி, வரைவாளர் குழுவின் எழுதும் உரிமை அந்தக் கோப்பில் நடைமுறையில் இல்லாமற் போகிறது. எவருடைய உரிமையையும் பறிக்கும் எண்ணமின்றி, ‘கோப்பை இயங்கத்தக்கதாக இராமல் ஆக்குவோம்’ என்று மட்டும் நினைத்துப் பிறப்பித்த கட்டளையின் விளைவு இது. ஆகவே இத்தகைய மரங்களில் 644, 755 போன்ற முழு எண்களைத் தவிர்த்து, வேண்டிய பிட்டை மட்டும் கூட்டவோ கழிக்கவோ செய்யும் குறியீட்டு வடிவத்தைப் பயன்படுத்துவது நல்லது. அதனால் முகமூடி தப்பும்; கண்ணி அறுபடுவது மட்டும் அப்போதும் நேரும்.

எக்ஸ்புளோரரின் பாதுகாப்புத் தாவலைத் திறக்கும்போது அனுமதிப் பதிவுகள் தவறான வரிசையில் இருப்பதாக வரும் எச்சரிக்கையும் இதே மொழிபெயர்ப்பிலிருந்து பிறப்பதே. 646 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், உரிமையாளரும் மற்றவரும் எழுதலாம், குழுவினர் மட்டும் எழுதக்கூடாது என்று பொருள். குழுவினரும் ‘மற்றவர்’ என்ற பொதுப் பதிவுக்குள் அடங்கிவிடுவதால் அவர்களுக்குத் தனியே ஒரு மறுப்பு தேவை; உரிமையாளர் அக்குழுவில் உறுப்பினராக இருந்தால் அந்த மறுப்பு அவரையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், அவருக்கான அனுமதி அதற்கு முன்பாக வர வேண்டும். அனுமதிக்குப் பின் மறுப்பு வருவது முறையான வரிசைக்கு முரணானது என்றாலும் விண்டோஸ் அதைப் பிழையின்றிப் படித்து நடத்துகிறது. எச்சரிக்கைப் பெட்டி முன்வைக்கும் மறுவரிசையை ஏற்றுக்கொண்டால் மறுப்புகள் மேலேறி, உரிமையாளரே தம் கோப்பில் எழுத முடியாத நிலை ஏற்படலாம். அந்தப் பெட்டியை ஒன்றும் மாற்றாமல் மூடிவிட்டு, பின்னர் விளக்கப்படும் முறையில் பட்டியலைச் சீர்செய்வதே தக்கது.

கட்டளை எதுவும் அனுமதியைத் தொடாதபோதும் கண்ணி மாறக்கூடிய வேறு இரு இடங்கள் உண்டு. ஒரே வட்டுப் பகுதிக்குள் கோப்பை நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டுமே என்பதால், பழைய இடத்தின் அனுமதிகளைச் சுமந்துகொண்டே கோப்பு புதிய இடத்துக்கு வருகிறது. நகலெடுத்தால் புதிய இடத்தின் அனுமதி இறங்குகிறது. இது விண்டோஸின் சொந்த இயல்பு. மற்றது, பல யூனிக்ஸ் நிரல்கள் ஒரு கோப்பைத் திருத்துவதாகச் சொன்னாலும் உண்மையில் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி முடித்து அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. செட் நிரலின் ஐ தெரிவும், ஆர்சிங்க் நிரலின் வழக்கமான இயக்கமும் இவ்வகையின. பெயர் அதுவே என்றாலும் கோப்பு வேறு. ஆர்சிங்கில் இன்பிளேஸ் என்ற தெரிவு பழைய கோப்பிலேயே எழுதச் செய்து இதைத் தவிர்க்கிறது.

எந்த மரம் யாருடைய ஆட்சியில்

சிக்வின் நிறுவப்பட்ட அடைவும் அதனுள் உள்ள பயனர் இல்லங்களும் யூனிக்ஸ் வழக்கத்தின் ஆட்சியில் இருப்பதே சரி. எஸ்எஸ்எச் நிரலின் தனிச்சாவிக்கு 600 என்ற அனுமதி உண்மையாகவே இருக்க வேண்டும். அதை வெறும் தோற்றமாக விட்டுவிடுவது பாதுகாப்புக் குறைவு. இதற்கு மாறாக ஆவணக் கோப்புறைகள், அலுவலகப் பகிர்வுகள், விண்டோஸ் நிரல்களும் சிக்வின் நிரல்களும் மாறிமாறித் தொடும் திட்டக் கோப்புறைகள் ஆகியவை விண்டோஸின் ஆட்சியிலேயே விடப்பட வேண்டும். இரண்டு ஆட்சியையும் ஒரே மரத்தில் ஓட்ட முயல்வது எவ்வளவு திறமையான நிர்வாகியையும் களைப்படையச் செய்யும்.

விண்டோஸின் ஆட்சியில் விடுவதற்குரிய வழி நோஏசிஎல் என்னும் ஏற்றத் தெரிவாகும். ஏற்றம் என்பது ஒரு விண்டோஸ் பாதையை யூனிக்ஸ் அடைவு மரத்தின் ஓரிடத்தில் பொருத்துவது. அதற்கான விவரம் ஈடிசி அடைவில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறது. இந்தத் தெரிவு உள்ள இடத்தில் சிக்வின் அணுகல் பட்டியலைப் படிப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. புதிய கோப்பு எவ்விதப் பட்டியலும் இல்லாமல் உருவாக்கப்படுவதால், மேல்நிலைக் கோப்புறையின் அனுமதியை விண்டோஸே அதற்கு இறக்கிவிடுகிறது. சி, டி முதலிய வட்டுகள் தோன்றும் சிக்டிரைவ் பாதைக்கு எஃப்எஸ்டேப்பில் ஏற்கெனவே ஒரு வரி உண்டு; அதன் நான்காம் புலத்தில் பைனரி, பாசிக்ஸ்=0, யூசர் என்பவற்றோடு காற்புள்ளியிட்டு நோஏசிஎல் என்று சேர்த்தால் போதும். புலங்களுக்குள் இடைவெளி விடக்கூடாது. மாற்றம் நடைமுறைக்கு வர, பின்னணியில் ஓடும் சேவைகள் உட்பட எல்லாச் சிக்வின் செயல்களையும் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும்; ஒரு முனையச் சாளரத்தை மட்டும் மூடித் திறந்துவிட்டு மாற்றம் பலிக்கவில்லை என்று கருதுவது அடிக்கடி நேரும் தவறு. ஒரு கோப்புறைக்கு மட்டும் இத்தெரிவு வேண்டுமானால் அதற்கெனத் தனி வரி எழுதலாம். அப்போது அந்தக் கோப்புறையை எந்தப் பாதையின் வழியாக அணுகுகிறோமோ அப்பாதைக்குரிய தெரிவே செல்லுபடியாகும் என்பதை மறக்கலாகாது.

நோஏசிஎல்லுக்கு ஒரு விலை உண்டு. எல்எஸ் கட்டளை காட்டும் அனுமதிகள் அங்கே தோற்றம் மட்டுமே. சிஎச்மாட் கோப்பின் படிக்கமட்டும் என்ற பண்பை மாற்றுவதோடு நின்றுவிடும். ஒரு கோப்பு இயங்கத்தக்கதா என்பது அதன் பின்னொட்டைக் கொண்டோ, எண் குறியும் வியப்புக் குறியுமாகத் தொடங்கும் அதன் முதல் வரியைக் கொண்டோ ஊகிக்கப்படும். கிட் களஞ்சியம் அங்கே இருந்தால் கோர் பிரிவின் ஃபைல்மோட் அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்துவிட வேண்டும். இல்லாவிடில் யாரும் தொடாத கோப்புகள் மாறியதாகக் காட்டப்படும். பகிர்வுக் கோப்புறைக்கு இந்த விலை மிகச் சிறியதே. கிட் ஃபார் விண்டோஸும் எம்சிஸ்2வும் தொடக்கத்திலிருந்தே நோஏசிஎல் நிலையில் இயங்குகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் இச்சிக்கலை அரிதாகவே சந்திப்பதற்குக் காரணம் இதுதான்.

லினக்ஸுக்கான விண்டோஸ் துணைமுறைமையாகிய டபிள்யூஎஸ்எல் மூன்றாவது ஒரு வழியைக் கடைப்பிடிக்கிறது. அதில் மெட்டாடேட்டா என்ற தெரிவை இயக்கினால் யூனிக்ஸ் அனுமதி எண் அணுகல் பட்டியலில் எழுதப்படாமல், கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்பாகத் தனியே சேமிக்கப்படுகிறது. விண்டோஸின் பட்டியல் தீண்டப்படாமல் இருப்பதால் வழிவரும் அனுமதி காக்கப்படுகிறது. ஆனால் அந்த எண் லினக்ஸின் பக்கத்தில் மட்டுமே மதிக்கப்படும் என்பதால், 600 என்று இட்ட கோப்பை உரிமை உள்ள மற்றொரு விண்டோஸ் பயனர் தடையின்றித் திறக்கலாம்.

அறுந்ததைச் சீர்செய்தல்

பழுது மீண்டும் நேராதபடி ஏற்றத் தெரிவை மாற்றிய பிறகே பழைய கோப்புகளைத் தொட வேண்டும். நிர்வாகி உரிமையுடன் திறந்த விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில், முதலில் இப்போதுள்ள நிலையைச் சேமித்துக்கொள்வது இன்றியமையாதது. ஐசிஏசிஎல்எஸ் கட்டளைக்குத் திட்டம் கோப்புறையின் பாதையையும் அதன்பின் பின்சாய்கோட்டையும் உடுக்குறியையும் கொடுத்து, சேவ் தெரிவோடு சேமிப்புக் கோப்பின் பெயரையும், உட்கோப்புறைகள் அனைத்துக்கும் செல்லச் செய்யும் டி (t) தெரிவையும் சேர்த்தால், மரம் முழுவதன் பட்டியல்களும் ஒரே கோப்பில் பதிவாகும். பின்னாளில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால், உடுக்குறி இல்லாத கோப்புறைப் பாதையோடு ரெஸ்டோர் தெரிவைத் தர வேண்டும்.

இந்தச் சேமிப்புக் கோப்பே நோயறியும் கருவியாகவும் பயன்படும். அதில் ஒரு வரி கோப்பின் பெயராகவும் அடுத்த வரி அதன் பட்டியலாகவும் மாறிமாறி வருகின்றன. பட்டியல் வரி டி (D) என்ற எழுத்தோடும் முக்காற்புள்ளியோடும் தொடங்கும். முக்காற்புள்ளியை அடுத்து பி (P) என்ற எழுத்து வந்தால் அந்தக் கோப்பு காப்புக் குறி பெற்றது, அதாவது கண்ணி அறுந்தது. ஏஐ என்று மட்டும் வந்தால் வழிவரும் தொடர்பு உயிரோடு இருக்கிறது. கோப்பு 16 பிட்டு யூனிகோடில் எழுதப்படுவதால் கிரெப் நிரல் அதில் நேராகத் தேடி எதையும் காணாது. ஐகான்வ் நிரலால் 8 பிட்டு வடிவத்துக்கு ஒரு நகல் எடுத்து அந்த நகலில் தேட வேண்டும். மூலச் சேமிப்பைத் திருத்தவே கூடாது.

அடுத்து, மேல்நிலைக் கோப்புறையின் சொந்தப் பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, குழுவின் பதிவில் ஓஐ, சிஐ ஆகிய இரு கொடிகளும் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊற்றே கலங்கியிருந்தால் கீழே தெளிந்த நீர் வராது. பிறகு ரீசெட் தெரிவை, முன்போலவே பின்சாய்கோடும் உடுக்குறியும் இட்ட பாதையோடும், டி தெரிவோடும், பிழை நேர்ந்தாலும் தொடரச் செய்யும் சி தெரிவோடும் இயக்கினால், உள்ளிருக்கும் ஒவ்வொன்றின் நேரடிப் பதிவுகளும் நீங்கி மேலிருந்து வருபவை மட்டுமே நிற்கும். உடுக்குறியை விட்டுவிட்டு இதை இயக்கினால் திட்டம் கோப்புறையின் சொந்தப் பதிவுகளும் அழிந்து, டி வட்டின் வேரில் உள்ள அனுமதி அங்கே இறங்கிவிடும். பகிர்வு முழுவதும் ஒரே நொடியில் தவறானவர்களுக்குத் திறந்துவிடக்கூடிய இந்தப் பிழையைத் தவிர்க்கும் பொருட்டு, கட்டளையை இயக்குமுன் பாதையை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதும் தகும். சிக்வின் நிறுவப்பட்ட அடைவின்மேல் ரீசெட் ஒருபோதும் இயக்கப்படக் கூடாது. அங்கே 600 முதலிய அனுமதிகள் யாவும் அழிந்துவிடும்.

எக்ஸ்புளோரரில் வழிவரும் அனுமதியை மீண்டும் இயக்கும் பொத்தானும், ஐசிஏசிஎல்எஸ்ஸின் இன்ஹெரிட்டன்ஸ் தெரிவை ஈ என்ற மதிப்போடு தருவதும் இதே வேலையைச் செய்வன போலத் தோன்றும். அவை காப்புக் குறியை நீக்கி மேலுள்ள பதிவுகளை இறக்கினாலும், ஏற்கெனவே எழுதப்பட்ட நேரடிப் பதிவுகளை விட்டுவைக்கின்றன. எஞ்சிய நேரடி மறுப்பு ஒன்று வழிவந்த அனுமதியை வென்றுவிடும் என்பதால், எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும் கோப்பு அப்போதும் திறக்க மறுக்கலாம். வேண்டுமென்றே சில கோப்புகளுக்குத் தனி அனுமதி வைத்திருப்போர் மட்டும் இந்த மென்மையான வழியைத் தேர்ந்து, மறுப்புகளைக் கையால் நீக்கிக்கொள்ளலாம். நிர்வாகிக்கே நுழைவு மறுக்கப்படும் கோப்புகளில், டேக்ஓன் கட்டளையால் உரிமையாளராகிய பின் ரீசெட்டை மீண்டும் இயக்க வேண்டும். உரிமையாளர் தம் கோப்பின் பட்டியலை மாற்றலாம் என்பது விண்டோஸின் பொதுவிதி.

முடிவில் மூன்று கோப்புகளைச் சோதனைக்காக உருவாக்கிப் பார்க்க வேண்டும்: எக்ஸ்புளோரரில் ஒன்று, சிக்வினின் டச் கட்டளையால் ஒன்று, ஆர்சிங்க் வழியே வேறிடத்திலிருந்து கொண்டுவந்தது ஒன்று. மூன்றையும் ஐசிஏசிஎல்எஸ்ஸில் காணும்போது ஒவ்வொரு வரியிலும் (ஐ) இருந்தால் மரம் விண்டோஸின் ஆட்சிக்கு வந்துவிட்டது. சிக்வினின் கோப்பில் மட்டும் நல் எஸ்ஐடி தலைகாட்டினால், எஃப்எஸ்டேப்பில் செய்த மாற்றம் இன்னும் ஏற்கப்படவில்லை என்று பொருள். மவுண்ட் கட்டளையைத் தனியே இயக்கி, அந்தப் பாதையின் எதிரே நோஏசிஎல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.